பொம்மை கழுவ ஒரு ஜோடி கையுறை

போன கோடை விடுமுறையில் ஒரு மாலை எங்கள் படிப்பகத்தின் வாசலில் ஒரு சிமெண்டுச் சாக்கு வந்து இறங்கியது. கொண்டுவந்தவர் எங்கள் காலனியிலேயே குடியிருக்கும் ஓர் அக்கா, ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். அவர் குப்பை எடுக்கும் தெருவில் யாரோ வீட்டைக் காலி செய்து, பரணில் கிடந்ததையெல்லாம் வண்டியில் கொட்டியிருக்கிறார்கள். "புள்ளைங்க வெளையாடட்டும் தம்பி, கழுவிக் குடுத்துருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாக்கைக் கவிழ்த்தோம். முழுக்க பிளாஸ்டிக் உருவங்கள். விரல் நீளத்துக்குச் சற்றுக் கூடுதலான ராணுவ வீரர்கள், கை கால் கழன்றவை, தலை மட்டும் தனியாக உள்ளவை. மார்பு அகன்ற ஒரு ஹீ-மேன். மஞ்சள் பாய்ந்த ஒரு வெள்ளை ரோபோ. கரப்பான் எச்சம், தூசு, எலி கடித்த தடம். அடியில், காரின் முன்பக்கத்தில் ஒட்டி வைக்கிற அளவில் நீலக் கோட்டுப் போட்ட பிளாஸ்டிக் அம்பேத்கர் ஒன்று. நீட்டிய விரல் உடைந்திருந்தது.

ராணுவ வீரர்களைப் பார்த்ததும் எங்களில் ஒருவர் "இது ஜி.ஐ. ஜோ" என்றார். சிறுவயதில் பள்ளித் தோழன் வீட்டில் பார்த்திருக்கிறார், பார்க்க மட்டும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபன்ஸ்கூல் நிறுவனம் 1980களின் இறுதியிலிருந்து இவற்றை இந்தியாவில் தயாரித்து விற்றது. அமெரிக்காவில் வந்த அதே உருவத்துக்கு இங்கே வேறு நிறம் பூசியிருப்பார்கள். அதனாலேயே வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இப்போது இவற்றைத் தேடுகிறார்கள். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்று மாலை எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், அழுக்காக இருக்கிறது, கழுவ வேண்டும் என்பதுதான்.

எங்களில் ஒருவர் சுவரில் முழக்கம் எழுதுகிறவர். அவரிடம் எப்போதும் தின்னர் பாட்டில் இருக்கும். எட்டாம் வகுப்பு படிக்கும் அந்த அக்காவின் மகனும் இன்னும் மூன்று பிள்ளைகளும் பழைய பனியன் துணியைத் தின்னரில் நனைத்துத் துடைக்க ஆரம்பித்தார்கள். மழைத் தூறல் என்று ஜன்னலையும் சாத்தியிருந்தோம். பத்து நிமிடத்தில் ஒரு வீரனின் கண்ணும் மூக்கும் துணியோடு வந்துவிட்டன. இன்னொருவனின் மார்பு பிசுபிசுவென்று இளகி, அதில் பையனின் கட்டைவிரல் ரேகை பதிந்துவிட்டது.

அப்போது அந்த அக்கா மகனைக் கூப்பிட வந்தார். வாசலிலேயே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். மகனின் கையைப் பிடித்து விரித்துப் பார்த்தார். விரல் நுனியெல்லாம் வெளுத்து, காய்ந்து போயிருந்தது.

"எனக்குக் கிளவுஸ் குடுக்கலன்னு மைக்கப் புடிச்சிக் கத்துனீங்களே தம்பி, எம் புள்ளைக்கு எங்க?"

அந்த வாரம்தான் மண்டல அலுவலகத்தின் முன் கையுறையும் காலணியும் கேட்டு ஆர்ப்பாட்டம் நடத்தியிருந்தோம். மைக்கில் பேசியவர்களில் மூன்று பேர் அந்த அறையில் இருந்தோம். யாரும் வாய் திறக்கவில்லை. அழுக்கைக் கண்டதும் எங்கள் பிள்ளைகளின் வெறுங்கையை அதற்குள் விட எங்களுக்கும் ஒரு நொடி தயக்கம் வரவில்லை என்பதை எப்படிச் சொல்வது? அது எங்களுக்குள் எங்கிருந்து வந்து உட்கார்ந்தது என்று இன்றும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அதன் பிறகுதான் இந்த வேலையை ஒழுங்காகக் கற்றுக்கொண்டோம். பொம்மை சேகரிக்கிறவர்கள் எழுதும் குறிப்புகளைப் படித்தபோது ஒன்று உறைத்தது. ஒரு சாண் உயரம்கூட இல்லாத பொம்மையைத் துடைக்க அவர்கள் கையுறை போடு, ஜன்னலைத் திற, கண்ணுக்குக் கண்ணாடி போடு என்று தவறாமல் சொல்கிறார்கள். நல்ல விஷயம்தான். நாங்களும் அதையே சொல்லப் போகிறோம்.

முதலில் எந்தப் பிளாஸ்டிக் என்று தெரிய வேண்டும். தின்னரும், நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனும் ஏபிஎஸ், பாலிஸ்டைரின் ஆகிய இரண்டு கடினப் பிளாஸ்டிக்குகளையும் கரைத்துவிடும். எங்கள் வீரன் இளகியதும் அதனால்தான். தண்ணீர் வாளியில் போட்டால் பாலிஎத்திலீனும் பாலிப்ரோப்பிலீனும் மிதக்கும், ஏபிஎஸ், பாலிஸ்டைரின், பிவிசி மூன்றும் மூழ்கும் என்று படித்துவிட்டு வாளியோடு உட்கார்ந்தோம். (உள்ளே காற்று அடைத்த பொம்மை எதுவாக இருந்தாலும் மிதக்கும். அதில் அரை மணி நேரம் ஏமாந்தோம்.) மறுநாள் அந்த அக்கா வந்து வாளியை ஒதுக்கி வைத்தார். ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் தட்டினார், வளைத்தார், நகத்தால் கீறினார், பிரித்துப் போட்டுக்கொண்டே போனார். கணீரென்று சத்தம் வருவது ஒரு பக்கம், மொத்தையான சத்தம் ஒரு பக்கம், ரப்பர் போல வளைவது ஒரு பக்கம். பத்து வருடமாகக் காயலான் கடையில் எடை போட்டு விற்ற கை. தட்டிப் பார்த்துத் தெரியாததை ஓரத்தில் கொளுத்தி மோந்து பார்ப்பார்களாம். பிவிசி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், நுரையீரலைப் புண்ணாக்கும், இனிமேல் செய்யாதீர்கள் அக்கா என்றோம். "இத்தன வருசம் மோந்தாச்சு" என்றார்.

கழுவுவது பெரிய வித்தை இல்லை. குப்பையிலிருந்து வந்ததை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டக்கூடாது, முதலில் நனைக்க வேண்டும். எலியின் சிறுநீர் பட்ட பொருளாக இருக்கலாம். கையில் வெட்டுக்காயம் இருந்தால் எலிக்காய்ச்சல் கிருமி அதன் வழியே போகும். எனவே கையுறை, புண் இருந்தால் வேலையே வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் நாலு சொட்டு, பழைய மென்மையான பல் துலக்கி, இடுக்குகளுக்குக் காது குடையும் பஞ்சுக்குச்சி. கொதிக்கிற தண்ணீர் கூடாது, பொம்மை கோணிக்கொள்ளும். பிவிசியில் செய்த வாள் வளைந்து போயிருந்தால் மட்டும் சுடுதண்ணீரில் சற்று முக்கி, நிமிர்த்தி, உடனே குளிர்ந்த நீரில் போட்டால் நேராக நிற்கும். எந்தத் திரவமானாலும் முதலில் உள்ளங்காலிலோ அக்குளிலோ ஒரு பொட்டு வைத்துப் பார்த்து, நிறம் பஞ்சில் ஏறுகிறதா என்று கவனித்த பிறகே முகத்துக்குப் போக வேண்டும். காய வைப்பது நிழலில்.

ஜி.ஐ. ஜோவின் முதுகில் ஒரு திருகு இருக்கும். அதைக் கழற்றினால் உடம்பு இரண்டாகப் பிரியும். உள்ளே இடுப்பையும் கால்களையும் மார்போடு இழுத்துப் பிடிப்பது ஒரு சின்னக் கறுப்பு ரப்பர் வளையம், அவ்வளவுதான். முப்பது வருடத்தில் ரப்பர் வெடித்து அறுந்து, இடுப்புக்குக் கீழே எல்லாம் உதிர்ந்துவிடும். நாங்கள் "ஊனம்" என்று ஒதுக்கி வைத்த பதினொரு வீரர்களில் ஒன்பது பேருக்கு வளையம்தான் பிரச்சினை. குழாய்ச் சாமான் விற்கும் கடையில் அளவு காட்டி வாங்கினோம். துருப்பிடித்த திருகின் தலையில் மட்டும் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டு ஓர் இரவு விட்டோம். அவசரப்பட்டுத் திருப்பினால் திருகின் வாய் மழுங்கிவிடும், பிறகு யாராலும் திறக்க முடியாது. இந்த வேலையில் பெண் பிள்ளைகள்தான் கெட்டிக்காரர்களாக இருந்தார்கள்.

மென்மையான பிவிசி உடம்புகளில் ஒரு பிசுக்கு இருந்தது. எத்தனை முறை கழுவினாலும் சில வாரங்களில் திரும்ப வந்தது. அது மேலே படிந்த அழுக்கு இல்லை. பிளாஸ்டிக்கை மிருதுவாக்கக் கலந்த தாலேட் போன்ற பொருள் உள்ளிருந்து மெல்ல வெளியேறுவது. சோப்புத் தண்ணீரில் கழுவி, காற்றோட்டமாக வைக்கலாம். பாலித்தீன் பையில் இறுகக் கட்டி வைத்தால் இன்னும் மோசமாகும்.

வெள்ளை ரோபோவின் மஞ்சள் பற்றிப் பிள்ளைகளுக்கு ஆர்வம் அதிகம். 2008இல் ஜெர்மனியில் பழைய கம்ப்யூட்டர் சேகரிப்பவர்கள் கண்டுபிடித்த முறை ஒன்று உண்டு. ஏபிஎஸ் பிளாஸ்டிக் வெயில் பட்டு மஞ்சளானால், ஹைட்ரஜன் பெராக்சைடு கரைசலில் முக்கிப் புற ஊதா ஒளியில் வைத்தால் வெளுக்கிறது. நம் ஊர் வெயிலே போதும். பலர் தலைமுடிக்கு நிறம் ஏற்றப் பயன்படும் 12 சதவீதக் கரைசலை எடுக்கிறார்கள். அது தோலில் பட்டால் வெள்ளையாகச் சுடும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. மூடியை இறுக அடைத்தால் ஆக்சிஜன் சேர்ந்து பாத்திரம் வெடிக்கும். மருந்துக் கடையில் கிடைக்கும் 6 சதவீதத்தில் பெரியவர்கள் மட்டும் செய்து பார்த்தோம். ஒரு கை வெளுத்தது, உடம்பு திட்டுத் திட்டாக ஆனது. நொறுங்கும் தன்மையும் கூடுகிறது, சில மாதத்தில் மஞ்சளும் திரும்புகிறது என்கிறார்கள். எங்கள் கருத்தைக் கேட்டால், மஞ்சளை அப்படியே விடலாம். வெள்ளையாக்கியே தீர வேண்டும் என்ற வெறி எங்களுக்கு வேறு காரணங்களாலும் பிடிக்கவில்லை.

நீலக் கோட்டுக்காரரை முதலில் சரிசெய்ய வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதம். உடைந்த இடத்தில் ஊசியைச் சுட்டுத் துளையிட்டு, குண்டூசித் துண்டைச் செருகி, அதன் மேல் எம்-சீலைப் பிசைந்து விரலாகச் செய்தோம். (சுட்ட ஊசியை ஜன்னலோரம் பெரியவர்தான் பிடித்தார். எம்-சீல் போன்ற எபாக்சியையும் வெறுங்கையால் பிசையக்கூடாது, சிலருக்குத் தோல் ஒவ்வாமை வரும்.) முதல் விரல் கத்தரிக்காய் மாதிரி வந்தது. மூன்றாவது முயற்சியில் சரியானது. இப்போதும் சற்றுப் பருமன்தான்.

பொம்மைகள் பளிச்சென்று வரிசையில் நின்ற பிறகுதான் கஷ்டமான கேள்வி வந்தது. இவற்றைப் பிள்ளைகளிடம் கொடுக்கலாமா?

பழைய பொம்மைகளின் நிறத்தில் ஈயமும் காட்மியமும் இருக்கலாம். இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ டர்னர் வீடுகள், மழலையர் பள்ளிகள், பழம்பொருள் கடைகளிலிருந்து 200 பழைய பிளாஸ்டிக் பொம்மைகளை எடுத்துச் சோதித்து 2018இல் ஆய்வை வெளியிட்டார். குறிப்பாகச் சிவப்பு, மஞ்சள், கறுப்பு நிறப் பொம்மைகளில் ஈயம், காட்மியம், புரோமின் போன்றவை கவலைப்படும் அளவில் இருந்தன. ஈயத்தில் குழந்தைக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இந்தியாவில் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயமானதே 2021 ஜனவரி 1 முதல்தான். எங்கள் சாக்கில் இருந்தவை அதற்கு எத்தனையோ வருடம் முந்தியவை. ஆகவே நிறம் உரிகிற எதையும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவில்லை, ஈரத்துணியால் ஒற்றி எடுத்ததோடு சரி. அவற்றைச் சின்னப் பிள்ளைகளின் வாய்க்கு எட்டாமல் கண்ணாடி அலமாரியில் வைத்தோம். நிறம் பூசாத, உடைசல் இல்லாத சிலவற்றை மட்டும் பெரிய பிள்ளைகள் விளையாட எடுத்து வைத்தோம், விளையாடியதும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்ற கட்டளையோடு.

சின்னவர்கள் அழுதார்கள். மூத்த தோழர் ஒருவருக்குக் கோபம். "பணக்கார வீட்டுப் பிள்ளை பத்து வருடம் கடித்து விளையாடியதுதானே, நம் பிள்ளைக்கு மட்டும் ஆகாதா?" என்றார். அந்தப் பிள்ளைக்கும் ஆகாததுதான், அன்று யாரும் சோதிக்கவில்லை என்று சொல்லிப் பார்த்தோம்.

கல்லூரியில் படிக்கும் தங்கை ஒருவர் வேறு திசையிலிருந்து கேட்டார். 1927இல் மகாடில் அம்பேத்கர் எச்சில் சோற்றையும் செத்த மாட்டு இறைச்சியையும் விட்டுவிடச் சொன்னார். பழைய சோறும் பழைய துணியும் கொல்லைப்புறத்தில் வாங்கியது போதும் என்றுதானே நம் தாத்தா பாட்டிகள் நகரத்துக்கு வந்தார்கள்? இப்போது அவர்கள் தூக்கிப் போட்ட பொம்மையைத் துடைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது என்ன அரசியல்? இரண்டு கூட்டம் இதிலேயே போனது. கடைசியில் அந்த அக்காவைக் கேட்டோம். "அவங்க குடுக்கலியே, நான் பொறுக்குனது. என் உழைப்பு" என்றார். தங்கைக்கு அந்தப் பதில் பாதிதான் திருப்தி. எங்களில் சிலருக்கும் அப்படித்தான்.

பாதுகாப்பு பற்றி இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இது பொம்மையோடு நிற்பதில்லை. பிளீச்சிங் பவுடரையும் கழிவறை ஆசிடையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். ஒரு பையன் "கிருமி சாகட்டும்" என்று இரண்டையும் ஒரே வாளியில் ஊற்றப் போனான், நல்லவேளை பார்த்துவிட்டோம். சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூடிய அறையில் ஆளைக் கொல்லும். அதே பிளீச்சிங் பவுடரை வெறுங்கையால் அள்ளித் தெருவில் தூவுகிறவர்கள் நம் அம்மாக்கள். முகக்கவசமும் அப்படித்தான். துணிக் கவசமும் மருத்துவக் கவசமும் தின்னர் ஆவியைத் தடுக்காது, அதற்குக் கரி வடிகட்டி வைத்த கவசம் வேண்டும் என்று படித்தபோது மலக்குழிகள் நினைவுக்கு வந்தன. 2013ஆம் ஆண்டின் சட்டம் ஆபத்தான முறையில் சாக்கடையிலும் மலக்குழியிலும் ஆளை இறக்குவதைத் தடை செய்தது. மரணத்துக்கு இழப்பீடு 10 லட்சம் என்று 2014இலும், 30 லட்சம் என்று 2023இலும் உச்ச நீதிமன்றம் சொன்னது. இன்னும் முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். ஹைட்ரஜன் சல்பைடுக்குக் கைக்குட்டை ஒரு தடையே இல்லை.

இதற்கிடையில் ஜி.ஐ. ஜோ செய்தி எப்படியோ பரவி ஒரு சேகரிப்பாளர் வந்தார். மரியாதையாகப் பேசினார். வேலைப்பாட்டைப் பாராட்டினார், "வளையத்தைக்கூட மாற்றியிருக்கிறீர்களே" என்று ஆச்சரியப்பட்டார். பிறகு எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டார். குப்பை வண்டியிலிருந்து, கழுவியது எங்கள் பிள்ளைகள் என்றோம். சற்று நேரம் கழித்துப் பையிலிருந்து ஒரு கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டார். அதற்கு முன் வெறுங்கையால்தான் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய நிறத்தைத் தொடும்போது கையுறை போடச் சொல்கிறவர்கள் நாங்கள். அதனால் அவரை என்னவென்று கேட்பது? ஈயத்துக்குப் போட்டாரா, எங்களுக்குப் போட்டாரா என்று அவர் போன பிறகு இரவு பத்து மணிவரை விவாதித்தோம். ஆறு பொம்மைகளைச் சொன்ன விலைக்கே வாங்கிக்கொண்டார். அந்தப் பணத்தில் இரண்டு பேருக்குத் தேர்வுக் கட்டணம் கட்டினோம், மீதியை அக்காவிடம் கொடுத்தோம்.

கையுறை வாங்கப் போனபோதுதான் கடைசிப் பாடம். நைட்ரைல் கையுறை ஒரு பெட்டி வாங்கினோம். பிள்ளைகளின் கைக்குப் பெரிது. விரல் நுனி தொளதொளவென்று தொங்கினால் சின்னத் திருகைப் பிடிக்க முடியாது, கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். சிறிய அளவு கேட்டு மூன்று கடை ஏறினோம். இதை அக்காவிடம் சொன்னபோது அவர் வீட்டுக்குள் போய், எப்போதோ கொடுக்கப்பட்ட ஒரு ஜோடி ரப்பர் கையுறையைக் கொண்டுவந்து காட்டினார். மடிப்பு கலையவில்லை. ஆம்பளை அளவு. அவர் கையில் மாட்டியபோது கட்டைவிரல் இருக்க வேண்டிய இடத்தில் காற்றுதான் இருந்தது. "இதப் போட்டா ஈரத் துணியக்கூட புடிக்க முடியாது. போடலன்னா, குடுத்தோம் நீதான் போடலன்னு சொல்லுவாங்க" என்றார்.

2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் சீருடை, ஒளிரும் மேலாடை, கையுறை, மழைக்கோட்டு, காலணி, முகக்கவசம் கொடுக்க வேண்டும் என்றும், பணியாளர்கள் அவற்றை அணிவதை உறுதிசெய்ய வேண்டும் என்றும் கூறின. எங்கள் முழக்கத்திலும் "கையுறை கொடு" என்றுதான் இருந்தது. அளவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கேட்கத் தோன்றவில்லை.

ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகள் ஆளுக்கு ஒரு வெள்ளைத் தாளோடு வீட்டுக்குப் போனார்கள். அம்மாவின் கையைத் தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, உள்ளங்கைச் சுற்றளவை இஞ்சு டேப்பால் அளந்து கீழே எழுதிக்கொண்டு வந்தார்கள். சில தாள்களில் ஒரு விரல் குறைவு. ஏன் என்று கேட்ட பிள்ளைக்கு அப்போதுதான் அம்மா சொல்லியிருக்கிறார், கண்ணாடித் துண்டு கிழித்துச் சீழ் வைத்து எடுத்தது என்று. மொத்தம் 31 தாள்கள். மனுவோடு இணைத்து மண்டல அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வைத்திருக்கிறோம். நகல் அலமாரியில், நீலக் கோட்டுக்காரருக்குப் பக்கத்தில் இருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை. அடுத்த வாரம் மறுபடி போகிறோம்.